சாடிக்குள் குடிபோன மினுக்கி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். ஒரு பக்கம் ஓடை வந்து விழும், மறுபக்கம் வழிந்து போகும். அந்தக் குளத்தில் மினுக்கி என்று ஒரு கெண்டைமீன் இருந்தது. உடம்பு விரல் நீளம்தான். பேச்சு மட்டும் ஆள் உயரம்!

அதே குளத்தில் ஒரு விரால் மீனும் இருந்தது. பசித்தால் பொடிமீன்களைத் துரத்தும். பசிக்காவிட்டாலும் துரத்தும். ஒரு நாள் காலை அது துரத்திய துரத்தலில் மினுக்கியின் வால் நுனி போய்விட்டது.

மினுக்கி அலறியடித்துக்கொண்டு கரையோரம் ஒதுங்கியது. அங்கே வாலாண்டி என்ற குரங்கு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் குடம் மாதிரி வயிறு உருண்ட ஒரு கண்ணாடிச் சாடி. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ மறந்துவிட்டுப் போனது.

"என்ன தங்கச்சி, வால் நுனியைக் காணோம்?" என்றது வாலாண்டி.

"விராலுக்குக் காலைப் பலகாரம் ஆயிடுச்சு, அண்ணே! இந்தக் குளத்துல மனுஷன் இருப்பானா?"

"அப்போ என் சாடிக்கு வந்துடு. விரால் கிடையாது, பாம்பு கிடையாது, சேறு கிடையாது. சாப்பாடு என் பொறுப்பு!"

"இடம் போதுமா?"

"நீ என் விரல் அளவு. சாடி என் தலையைவிடப் பெரிசு. இன்னும் என்னம்மா வேணும்?"

அல்லி இலையில் உட்கார்ந்திருந்த தத்தன் தவளை குறுக்கே விழுந்தது. "வாலாண்டி மச்சான், மரத்துல தொங்குறவனுக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்?"

"உன்னைக் கூப்பிடலைன்னு உனக்கு வயித்தெரிச்சல்!" என்றது மினுக்கி. வாலாண்டி சாடியில் குளத்துத் தண்ணீரை மொண்ட அடுத்த நொடி உள்ளே தாவிவிட்டது.

வாலாண்டி சாடியைக் கரையோரப் பாறையில் வைத்தது. செய்தி பரவியது. பொடிமீன்கள் எல்லாம் கரைக்கு ஓடி வந்தன. உருண்டைக் கண்ணாடி வழியே மினுக்கி பூதாகாரமாகத் தெரிந்தது.

"ஐயோ, அக்கா! நீ விரால் அளவுக்கு வளர்ந்துட்ட!" என்று வாய் பிளந்தது மினுக்கியின் சித்தி மகள் பூஞ்சி.

மினுக்கிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது. "சாப்பாடு அப்படிடி!" என்றது.

சாப்பாடும் அப்படித்தான் இருந்தது. வாலாண்டி எங்கிருந்தோ பொரி கொண்டுவந்து கொட்டியது. வாழைப்பழத்தைப் பிய்த்துப் போட்டது. தின்றது போக மிச்சமெல்லாம் அடியில் படிந்தது.

மெல்ல மெல்லத் தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி ஆனது. மினுக்கிக்குச் செவுள் எரிந்தது. மூச்சு ஏறவில்லை. மேலே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாவம், பசி!" என்று வாலாண்டி இன்னொரு பிடி பொரியை அள்ளிப் போட்டது.

"ஏன் அக்கா மேலேயே நின்னு வாயைத் திறக்கிற?" என்று கேட்டது பூஞ்சி.

"பாட்டுப் பழகுறேன்!" என்றது மினுக்கி.

தத்தன் தவளை விழுந்து விழுந்து சிரித்தது. "நல்ல பாட்டு! அடியே, குளத்துல நீ கழிக்கிறதைச் சேறும் பாசியும் வாங்கிக்கும். ஓடை வந்து அலசிட்டுப் போகும். இந்தச் சாடிக்குள்ள அந்த வேலையெல்லாம் யாரு செய்யறது? உன் அழுக்கை நீயே குடிச்சுக்கிட்டு இருக்கே!"

"வாயை மூடு!" என்று மினுக்கி சீறியது. ஆனால் அன்று மாலையே, "அண்ணே, தண்ணியை மட்டும் கொஞ்சம் மாத்தேன்" என்று வாலாண்டியிடம் மெதுவாகக் கேட்டது.

வாலாண்டிக்குக் 'கொஞ்சம்' என்பதே தெரியாது. மினுக்கியைத் தேக்கிலைத் தொன்னையில் விட்டது. இருந்த தண்ணீர் முழுவதையும் கொட்டியது. மணலைப் போட்டுச் சாடியைத் தேய் தேயென்று தேய்த்தது. சுனையிலிருந்து சில்லென்ற தண்ணீரைப் பிடித்து நிரப்பியது.

தொன்னையை எட்டிப் பார்த்த பூஞ்சி, "என்ன அக்கா, பழையபடி சின்னதாயிட்ட?" என்றது.

மினுக்கி தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டது. அதே விரல் நீளம். வளர்ந்ததெல்லாம் கண்ணாடியின் வேலை என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது.

"குளிருதுடி, சுருங்கிட்டேன்!" என்று சமாளித்தது.

சுனைத் தண்ணீரில் விட்டதும் அதற்குத் தலை சுற்றியது. ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. "பாருங்க, எவ்வளவு சொகுசாப் படுத்திருக்கா!" என்று வாலாண்டி பூரித்துப்போனது.

எப்படியோ மினுக்கி பிழைத்துக்கொண்டது. பொரி விழுந்தது. தண்ணீர் மறுபடி கலங்கியது. மறுபடி பாட்டு!

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை விடிந்தது. பூஞ்சியும் கூட்டாளிகளும் கரையோரத் தண்ணீரில் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

"அக்கா, நாங்களும் அங்கேயே வர்றோம்! அண்ணன் சரின்னுட்டார்!"

"எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க!" என்று வாலாண்டி கையை நீட்டியது. பூஞ்சி துள்ளி அந்தக் கையில் ஏறிவிட்டது.

மினுக்கி மேலே நின்று வாயைத் திறந்தது. தனக்கே மூச்சு இல்லாத தண்ணீர் இது. இதில் இன்னும் எத்தனை பேர்? உண்மையைச் சொன்னால் குளமே சிரிக்கும். தத்தன் அல்லி இலையில் உருண்டு உருண்டு சிரிக்கும். சொல்லாவிட்டால்? குரங்கின் கையில் பூஞ்சியின் குட்டிச் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வராதேடி!" என்று கத்தியது மினுக்கி. "பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. எனக்கு மூச்சு முட்டுது! நான் வளரவும் இல்லை, அது கண்ணாடி காட்டுற பொய். அண்ணே, அவளைத் தண்ணியில விடு! என்னையும் விடு!"

தத்தன்கூடச் சிரிக்கவில்லை.

வாலாண்டியின் முகம் தொங்கிவிட்டது. பூஞ்சியைக் குளத்தில் விட்டது. "நான் உன்னை நல்லாத்தானே பார்த்துக்கிட்டேன்?"

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டே, அண்ணே. என்னைப் பார்த்தே. தண்ணியைப் பார்க்கலை."

வாலாண்டி சாடியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடியது. ஓடிய அவசரத்தில் கால் வழுக்கி, மினுக்கியும் சாடியும் சேர்ந்தே தண்ணீரில் விழுந்தன. மினுக்கி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தது. அடடா, அந்தச் சேற்று வாசம்!

அதற்குள் விரால் மோப்பம் பிடித்து வந்துவிட்டது. பொடிமீன்கள் நாலா பக்கமும் சிதறின.

"என் பின்னால வாங்க!" என்றது மினுக்கி. சாடி பாசிக்கு நடுவே சாய்ந்து கிடந்தது. அதன் குறுகிய வாய் வழியே பொடிமீன்கள் சரசரவென்று உள்ளே நுழைந்தன. பின்னாலேயே பாய்ந்த விரால் கண்ணாடியில் முட்டியது. டங்! மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரும்பிப் போனது.

ஓடைத் தண்ணீர் சாடிக்குள் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே எல்லோருக்கும் மூச்சு ஏறி இறங்கியது.

"பார்த்தீங்களா! இப்பவும் என் சாடியிலதானே இருக்கீங்க!" என்று கரையில் குட்டிக்கரணம் போட்டது வாலாண்டி.

"இருக்கோம், அண்ணே!" என்றது மினுக்கி. "ஆனா பொரி மட்டும் வேண்டாம்!"

இப்போது தத்தன் தாராளமாகச் சிரித்தது. மினுக்கியும்தான்.

பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்காமல், முட்டினால் முட்டுகிறது என்று சொல்லிவிடுகிறவர் தம்மையும் காப்பாற்றுவார், தம்மை நம்பிப் பின்னால் வருகிறவர்களையும் காப்பாற்றுவார்.