இளவரசனை அழவைத்தது யார்?

காக்காய் கரைவதற்குக்கூட அரண்மனையில் அனுமதி வாங்க வேண்டியிருந்த ஒரு காலத்தில், மஞ்சநதி நாட்டை உத்தண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மாலையில் மறந்துபோவார். மறக்காத சட்டம் ஒன்றே ஒன்றுதான். மூன்று வயது இளவரசன் மகுடேசனை அழவைத்தவர், அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டே போய்விட வேண்டும்.

அரசி அடுத்த பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மந்திரி அம்பலவாணர் பூவாயி என்ற தாதியை அமர்த்தியிருந்தார். அவள் வேலைக்கு வந்து நாலே நாள். ஐந்தாம் நாள் காலை ஈரத்துணியை விரலில் சுற்றி இளவரசனின் பல்லைத் துடைக்கப்போனாள். துணி பட்டதோ இல்லையோ, பிள்ளை வீலென்று அலறினான்.

முதலில் ஓடிவந்தவர் பண்டசாலை அதிகாரி குணபூஷணம். மந்திரி பேரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். "மந்திரி கொண்டுவந்த பெண்பிள்ளை இளவரசர் வாயைக் கிழித்துவிட்டாள்!" என்று ஊரைக் கூட்டினார்.

பூவாயி நாட்டைவிட்டு எங்கே போவாள்? எல்லை தாண்டினால் வெறும் காடு. வீட்டிலோ இன்னும் பால்குடி மறக்காத பெண்குழந்தை. அவளையும் அழுகிற பிள்ளையையும் சபைக்குக் கொண்டுவந்தார்கள்.

"அரசே, தண்டிப்பதற்கு முன் பிள்ளையின் வாயை ஒரு தடவை பாருங்கள்" என்றார் மந்திரி.

ராஜா பார்த்தார். மேல் முன்பற்கள் நாலும் ஈறோரம் பழுப்பேறி, நுனி உதிர்ந்து நின்றன. கடைவாய்ப் பல்லில் மிளகு நுழைகிற அளவுக்குக் குழி. "ஐயையோ! என்ன இது!" என்று அலறியவர் சிம்மாசனத்திலேயே சரிந்தார்.

"எல்லாம் இவள் நாலு நாளில் பண்ணிய வேலை!" என்றார் குணபூஷணம்.

"நாலு நாளில் பல்லைக் குடைய இவள் விரலில் உளியா முளைத்திருக்கிறது?" என்றார் மந்திரி.

"அப்படியானால் குற்றவாளியைப் பிடியும்! இல்லையென்றால் அவளோடு நீரும் கிளம்பும்!" என்று ராஜா கத்தினார்.

"பிடிக்கலாம் அரசே. முதலில் அழுகிற பிள்ளையைச் சிரிக்கவைப்போம். நேற்று இளவரசரை அதிகம் மகிழ்வித்தவருக்கு உங்கள் முத்துமாலை பரிசு. அவரவர் நேற்று கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து இந்தப் பெரிய பித்தளைத் தவலையில் போடட்டும். ஒரு பிடிகூடக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

பூவாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் தலைக்குமேல் கத்தி தொங்குகிறது, இந்த மனுஷர் பரிசுப் போட்டி நடத்துகிறாரே!

சபை முழுக்க விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. சேனாபதி ஒரு தட்டு எள்ளுருண்டை கொட்டினார். ஜோசியர் அதிரசம் போட்டார். குணபூஷணம் ஒரு பை கற்கண்டைக் கவிழ்த்தார். "சிணுங்கினால் ஒன்று, சிரித்தால் இரண்டு! நாள் முழுக்க இளவரசர் வாய் காயாமல் பார்த்துக்கொள்வது நான்தான்!"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெற்ற அப்பனுக்கே போட்டியா? தினமும் தேனில் துணியைத் தோய்த்து, வாயில் வைத்துத் தூங்கவைப்பது யார்?" என்று தாமே ஒரு கிண்ணம் தேனைக் கொண்டுவந்து ஊற்றினார். கையெல்லாம் வழிந்தது.

கடைசியாகப் பூவாயி, நேற்று பிள்ளையின் முகம் துடைத்த ஈரத்துணியையும் குடிக்கக் கொடுத்த ஒரு குவளைத் தண்ணீரையும் தவலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சபை சிரித்தது.

"தவலையை இளவரசர் பக்கத்தில் வையுங்கள்" என்றார் மந்திரி. இரண்டு காவலர்கள் மூச்சு முட்டத் தூக்கிவந்து வைத்தார்கள். தவலை பிள்ளையின் இடுப்பு உயரம் இருந்தது.

"அரசே, நேற்று ஒரே நாளில் இந்தச் சின்ன வாயைத் தேடி வந்தது இவ்வளவும். பல்லில் குழி தோண்டியவர்களை நான் தேடவே வேண்டியதில்லை. முத்துமாலைக்கு ஆசைப்பட்டு அவர்களே வரிசையில் வந்து ஒப்புக்கொண்டார்கள். சட்டப்படி சபை முழுக்க இன்று வெளியேற வேண்டும். முன்னால் நடக்க வேண்டியவர்..."

மந்திரி நிறுத்திக்கொண்டார். எல்லார் கண்ணும் சிம்மாசனத்துக்குப் போய், பயந்து தரைக்கு இறங்கின.

"பால்பல்தானே அரசே, எப்படியும் விழப்போகிறது!" என்றார் குணபூஷணம்.

"அந்தக் கடைவாய்ப் பல் தானாக விழ இன்னும் ஏழு வருஷம் ஆகும். அதுவரை வலியோடு மெல்லப்போவது நீரா? அது முன்கூட்டியே போனால் பின்னால் முளைக்கிற பல்லும் கோணலாகும், தெரியுமா?" என்றார் மந்திரி.

குணபூஷணம் மெல்லச் சேனாபதியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எதிரிகூட என் பிள்ளைக்கு இப்படிச் செய்திருக்க மாட்டானே! கொஞ்சிக் கொஞ்சி நானே செய்திருக்கிறேனே!" என்று ராஜா சபையென்றும் பாராமல் அழுதார். பிறகு எழுந்து, அந்தச் சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். வைத்தியருக்கு ஆள் அனுப்பினார். முத்துமாலை பூவாயி கழுத்துக்குப் போனது. பிள்ளை எது தின்றாலும் வாய் கொப்பளிக்கச் சொம்பு ஏந்தி நிற்கும் உத்தியோகம் குணபூஷணத்துக்கு வந்தது.

"இனி என்னம்மா செய்ய வேண்டும்? சொல்லு" என்றார் ராஜா.

"காலையிலயும் படுக்கப்போற நேரத்துலயும் பல்லச் சுத்தம் பண்ணணும் மகாராசா. அதுக்கப்புறம் தண்ணியத் தவிர எதுவும் குடுக்கக்கூடாது. இனிப்பு ஒரு துண்டு சாப்பாட்டோட போதும். சும்மா சும்மா வாயில போடக்கூடாது. மொதல்ல அழத்தான் செய்வாக. மடியில படுக்கவச்சுப் பாட்டுப் பாடிக்கிட்டே துடைச்சா பழகிருவாக."

"நானே துடைக்கிறேன்!" என்று ராஜா பாய்ந்து துணியை எடுக்கப்போனார்.

"நில்லுங்க!" என்றாள் பூவாயி. அரசரைத் தடுத்த குரல் தன்னுடையதுதான் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சொன்னாள்: "மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க மகாராசா."

அந்த ராஜாவைப் பார்த்து அதுவரை ஒருவரும் 'செய்' என்று சொன்னதில்லை. உத்தண்ட பூபதி தம் பிசுபிசுத்த கையைத் திருப்பிப் பார்த்தார். படியிறங்கிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.