நாலாயிரம் அடியில் வேதமாணிக்கம்

எங்கள் விமானக் கழகத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப்பை, ஒரு கொட்டகை, மும்தாஜ் அக்காவின் கேன்டீன், அவ்வளவுதான். மேலே இருக்கும் வானத்துக்கு ஜி வகுப்பு என்று பெயர். போ, வா, நில் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மேகத்துக்குள் புகுந்துவிட்டால் முன்னால் இருக்கும் கருவிகளின் முள்ளைப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான்.

அப்படி ஓட்ட வேதமாணிக்கத்துக்கு இருந்த அனுமதி அந்த ஐப்பசியோடு முடிந்தது. அவரைப் பைலட்டாக வைத்திருந்த மில் முதலாளி, "மழைக்காலத்துல பறக்க சீட்டு இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். புதுப்பித்துக் கொடுக்கத் தேர்வாளர் அனந்தராவ் வந்து இறங்கினார். மழை விடவில்லை. சரி, முதலில் வாய்மொழித் தேர்வு என்று கேன்டீனிலேயே உட்கார்ந்தார். மெக்கானிக் ராவுத்தரும் நானும் பக்கத்து மேசையில் இருந்தோம்.

"ஜி வகுப்புல மேகத்துக்குள்ள போக யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம் சார். ஒரு தடவை போனேன் பாருங்க, அப்படி ஒரு மேகம். ஜன்னலைத் திறந்தேன், உள்ள வந்து பக்கத்து சீட்டுல உக்காந்துருச்சு. இறங்குன்னா இறங்கல. கடைசியில பெல்ட்டு போட்டுக் கூட்டிட்டு வந்தேன்."

"அந்த வண்டியில ஜன்னல் திறக்காதே கேப்டன்" என்றார் ராவுத்தர். "ஸ்க்ரூ போட்டு முறுக்கினவனே நான்தான்."

"மேகம் இறங்கினப்புறம்தான்யா நீர் முறுக்கினீர்."

அனந்தராவ் சிரிக்கவில்லை. "கிழக்கே போனா எந்த உயரம்?"

"ஒற்றைப்படை ஆயிரம். மூவாயிரம், ஐயாயிரம். மேற்கே போனா இரட்டைப்படை. கொக்குங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் சார். மேற்கே திரும்பணும்னா இப்பல்லாம் ஆயிரம் அடி ஏறிட்டுத்தான் திரும்புதுங்க."

"மலைமேல?"

"உச்சிக்கு மேல ரெண்டாயிரம் அடி விடணும். கொல்லிமலைகிட்ட என் எஞ்சின் ஏற மாட்டேன்னுருச்சு. நான் என்ன பண்ணுவேன்? ரேடியோவை எடுத்து, 'நான் ஏற முடியாது, நீ குனி'ன்னேன். குனிஞ்சுது சார்! நான் போனப்புறம் நிமிர மறந்துருச்சு. போய்ப் பாருங்க, ஒரு பக்கம் தட்டையா இருக்கும்."

ராவுத்தர் டீயைத் துப்பிவிட்டார். வேதமாணிக்கம் அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் தேர்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்கு ஊக்கம் ஏறியது.

"உயரம் காட்டற முள்ளு நின்னுபோனா?" என்று கேட்டார் அனந்தராவ்.

"நின்னுருக்கு சார். மேகத்துக்குள்ள, கிழக்கே போய்க்கிட்டிருக்கேன். ஒரு பஜ்ஜியை வெளியே போட்டேன். விழற சத்தம் வர்ற வரைக்கும் எண்ணினேன். கணக்குப் போட்டா சரியா நாலாயிரம் அடி."

"என் பஜ்ஜியவா?" என்றார் மும்தாஜ் அக்கா.

"உங்களுதுதான் அக்கா. வேற எது அந்த வேகத்துல விழும்? அப்பப் பார்த்து, எதிர்ல ஒரு விமானம்! அதே நாலாயிரம் அடி. நேருக்கு நேர். மூக்குக்கு மூக்கு ஒரு முழம்."

"நீங்க இருக்கற இடம், உயரம் எல்லாம் ரேடியோவுல சொல்லிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"தொண்டை கட்டற வரைக்கும் சொன்னேன் சார். அந்த முட்டாள் வாயே திறக்கல. என்ன பண்றது? வேட்டியை மடிச்சுக் கட்டற மாதிரி ரெண்டு ரெக்கையையும் மடிச்சுக்கிட்டு, அவனுக்கு அடியில புகுந்து வந்துட்டேன்."

அனந்தராவ் பேனாவை மூடினார்.

"அந்த முட்டாள் நான்தான்" என்றார்.

மழை தகரக் கூரையில் கொட்டியது.

"நான் மேற்கே போய்க்கிட்டிருந்தேன். நாலாயிரம், இரட்டைப்படை, எனக்கு உரிய உயரம். ரெக்கையை மடிச்சுக்கிட்டுப் போன ஆளைப் பதினாறு வருஷமா தேடறேன். கிழக்கே போற ஆளுக்கு நாலாயிரத்துல என்ன வேலை, கேப்டன்?"

வேதமாணிக்கம் எங்களைப் பார்த்தார். ராவுத்தர் தன் டம்ளருக்குள் பார்த்தார்.

"சார், நீங்க சொல்றது... பொய்."

"இருக்கலாம். அப்ப நீங்க சொன்னது?"

வேதமாணிக்கத்துக்கு மில் முதலாளி முகம் கண்ணுக்குள் வந்துபோயிருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நிஜம் என்றால் தப்பான உயரத்தில் பறந்தவர். பொய் என்றால் அன்று பறக்கவே இல்லை, தப்பும் இல்லை.

"பொய் சார்."

"எவ்வளவு?"

"பஜ்ஜி மட்டும் நிஜம். அதுவும் இங்க, மேசையிலேருந்து விழுந்தது."

"கேப்டன், அந்த வானத்துல உங்களை யாரும் பார்த்துக்கிட்டிருக்க மாட்டாங்க. நீங்க 'இங்க இருக்கேன்'னு சொல்றதை நம்பித்தான் எதிர்ல ஒருத்தன் வருவான். அதையாவது ஒழுங்கா சொல்ல வருதா பார்ப்போம். இப்ப எங்க இருக்கீங்க?"

"கேன்டீன்ல சார்."

"உயரம்?"

"தரையில சார்."

"சரி" என்று தாளை மடித்துப் பையில் வைத்தார் அனந்தராவ். "ஆறு மாசம் அங்கேயே இருங்க."