மிச்சம் பிடித்த நேரம்

இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் சந்தேகம்தான். அரசரின் பெயர் மகிழ்மாறன், அது உறுதி. அரசி இறந்தது காய்ச்சலிலா, பாம்பு தீண்டியா என்பதில் சொன்னவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எந்த நாடு என்று ஒருவரும் சொல்லவில்லை. முன்னொரு காலத்தில் என்று தொடங்கிவிட்டால் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

அப்படி முன்னொரு காலத்தில், மகிழ்மாறன் என்ற அரசர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அரசி கயல்நங்கை போனபின் அவருக்குப் பொழுது நகரவில்லை. சபையில் விகடனாக இருந்த சடையாண்டிக்கு அதனால் வேலையும் இல்லை. அவன் தினமும் வந்தான், ஒரு தூணோரம் நின்றான், வீட்டுக்குப் போனான். ஒன்றிரண்டு முறை ஏதோ சொல்லிப் பார்த்தான். அரசர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு சிரிப்பு மூட்ட அவனுக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் அரசர் சபையில் சொன்னார்: "எழுவது, குளிப்பது, உண்பது, ஆள்வது எல்லாம் இனி சீக்கிரம் முடிய வேண்டும். நாள் சீக்கிரம் முடிந்தால் எனக்குப் போதும். அன்றாட வாழ்வை எளிதாக்க யோசனை சொல்பவர்களுக்குப் பரிசு உண்டு."

பரிசு என்றதும் எல்லோருக்கும் யோசனை வந்தது. சில யோசனைகள் நல்லவை. கொத்துச் சாவியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற நூல் கட்டிவிட்டால் பூட்டு முன்னால் நின்று தடுமாற வேண்டாம். நாளைக்கு வேண்டிய பயறை இன்றே ஊறவைத்தால் பாதி விறகு மிச்சம். செருப்பைக் கழற்றும்போதே வாசலைப் பார்த்துத் திருப்பி விட்டால், கிளம்பும்போது திரும்ப வேண்டியதில்லை. சில யோசனைகள் அப்படிப்பட்டவை அல்ல. சேனாதிபதி, "நாளைய உடையை உடுத்திக்கொண்டே இன்று தூங்கலாம், அரசே" என்றார். அரசர் அதையும் செய்தார். மறுநாள் கசங்கிய பட்டோடு வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"சடையாண்டி, உனக்கு யோசனை ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார் திருவேகம்பர். அரண்மனை நிர்வாகம் அவர் கையில். விகடன் ஒருவன் அரசரோடு சமமாகப் பேசுவது அவருக்கு எந்நாளும் பொறுத்ததில்லை.

"இருக்கிறது ஐயா. தலைவலி வந்தபின் தைலம் தேடுவதைவிட, தாங்கள் சபைக்கு வராமல் இருந்துவிட்டால் வேலை சுலபம்."

சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரசர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவேகம்பர் தன் யோசனையைச் சொன்னார். அரசரின் பள்ளியறையிலிருந்து சபைக்கு வரும் பாதை, குளக்கரையைச் சுற்றி, அரசியின் பூந்தோட்டத்தைத் தாண்டி வந்தது. பள்ளியறையை ஒட்டிய நடைச் சுவரில் ஒரு கதவு வைத்தால் போதும்; எழுந்ததும் சபை. அரசர் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு நிம்மதி தெரிந்தது. கதவு வைத்தாயிற்று. திருவேகம்பருக்கு முத்துமாலை கிடைத்தது. அரசர் மட்டுமல்ல, எல்லோரும் அந்த வழியாகவே போய்வந்தார்கள். சடையாண்டியும்தான். அது உண்மையிலேயே வசதியாக இருந்தது.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் அரசர் கேட்டார்: "திருவேகம்பரே, இந்த யோசனைகளால் எனக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்?"

"நிறைய, பிரபு. ஒவ்வொரு நாளும் பல நாழிகைகள்."

"அது எங்கே?"

"எது, பிரபு?" என்றார் திருவேகம்பர்.

"மாலையில் வேலை ஒன்றும் இருப்பதில்லை. உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். முன்பைவிடப் பொழுது நீளமாகத்தான் இருக்கிறது. மிச்சம் பிடித்தீர்களே, அது எங்கே?"

திருவேகம்பர் சமாளித்துக்கொண்டார். "பிரபு, மிச்சம் பிடிப்பது அடியேன் வேலை. தேடிக் கொண்டுவர ஆளா இல்லை? அதோ தூணோடு தூணாக நிற்கிறானே, அவனுக்கும் படி அளக்கிறோம். பெரிய புத்திசாலி என்று ஊரெல்லாம் பேச்சு."

அரசர் மெல்லத் திரும்பினார். "சடையாண்டி, நாளைச் சபையில் அந்த நேரத்தை என் கண்ணில் காட்டு. இல்லையென்றால் இந்த நாட்டை விட்டுப் போய்விடு. சிரிக்க வைக்கவும் உன்னால் முடியவில்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் சடையாண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

சபை கலைந்ததும் சடையாண்டி வழக்கம்போலப் புதுக் கதவுக்குப் போனான். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"மன்னிச்சுக்கோ அண்ணே. உன்னை இந்தப் பக்கம் விடவேண்டாம்னு திருவேகம்பர் ஐயா சொல்லிட்டார்."

"நாளைக்குத்தானே நான் போகணும்?"

"ஒரு நாள் முன்கூட்டியே பழகிக்கட்டும்னார்."

ஆகவே அவன் குளக்கரையைச் சுற்றிப் போனான். அந்தப் பாதையில் கால் வைத்தே வெகுநாளாகிவிட்டது. வளைவு திரும்பியதும் நின்றுவிட்டான்.

கரை நெடுக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு வேப்பங்கொத்து. அந்த நாட்டு வழக்கம் அது. குறை உள்ளவர்கள் காலையில் வேப்பங்கொத்தோடு குளக்கரையில் நிற்பார்கள். சபைக்குப் போகும் அரசர் கொத்தைக் கண்டால் நின்று கேட்டாக வேண்டும். கதவு வைத்தபோது இவர்களைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. அரசர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று இவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. பல கொத்துகள் காய்ந்து, இலை உதிர்ந்து, வெறும் குச்சியாக இருந்தன.

ஒரு பெண் எழுந்து வந்தாள். "சாமி, நீங்க அரமனை ஆள்தானே? ராசா நாளைக்காவது வருவாரா?"

"உனக்கு என்னம்மா வேணும்?"

"என் பேரு காத்தாயி. தம்பி சிறையில கிடக்கான். தண்டனை முடிஞ்சு போச்சு. ராசா வாய் திறந்து சொன்னாத்தான் விடுவாங்களாம். அவனுக்கு இருமல் வேற."

"வருவார்" என்றான் சடையாண்டி. சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

வீட்டில் செங்கமலம் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் வீங்கி ஒரு வருடமாகிறது. நடந்ததைச் சொன்னான்.

"எல்லைக்கு மலையேறணுமே. என்னைத் தூக்கிக்கிட்டா போவீங்க?"

"தூக்குவேன்."

"அரிசி மூட்டையைத் தூக்கவே அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடற ஆளு." அவள் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள். "நேரத்தைக் கொண்டுவான்னா, அது எங்க இருக்கு?"

"எங்கன்னு பார்த்துட்டேன். குளக்கரையில."

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. துணியைப் பிழிந்தாள். "அரசியம்மா தோட்டம் அங்கதானே. அவர் அந்தப் பக்கம் காலே வைக்கமாட்டாரே."

"அதுதான் பயம்" என்றான் அவன்.

மறுநாள் சபையில் அவன் வெறுங்கையோடு நின்றான்.

"கொண்டுவந்தாயா?" என்றார் அரசர்.

"கண்டுபிடித்துவிட்டேன், அரசே. தூக்கிவர முடியவில்லை. அவ்வளவு பாரம். தாங்கள்தான் வந்து பார்க்க வேண்டும்."

"நேரத்துக்குப் பாரமா!" என்றார் திருவேகம்பர். "வழியில் மூட்டையை எங்கேயாவது போட்டுவிட்டாயா, அப்பனே?"

"போட்டவர் தாங்கள், ஐயா. நான் அந்த இடத்தைப் பார்த்தவன், அவ்வளவுதான்."

அரசர் எழுந்தார். சடையாண்டி முன்னால் நடந்து, பழைய வாசலில் நின்றான்.

"இந்த வழியா?" என்றார் அரசர்.

"இந்த வழிதான், அரசே."

அரசர் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார். அரசர் திரும்பிவிட்டால் சாயங்காலத்துக்குள் வண்டி பிடிக்க வேண்டும், செங்கமலத்தை எப்படி ஏற்றுவது என்று சடையாண்டியின் மனம் ஓடிக்கொண்டிருந்தது. மன்றாடலாமா என்று நினைத்தான். மன்றாடவில்லை. அந்த வாசலைத் தாண்டுவது என்ன பாடு என்று அவனுக்கும் தெரியும். வேடிக்கை சொல்லிக் கடக்க வைக்கிற வாசல் அல்ல அது.

அரசர் காலை எடுத்து வைத்தார்.

தோட்டத்தில் முல்லைப் பந்தல் சரிந்து கிடந்தது. அரசர் போகாத இடத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று திருவேகம்பர் அந்த வேலையையும் மிச்சம் பிடித்திருந்தார். அரசர் பந்தலைப் பார்த்தார். மேலே நடந்தார். பாதை வளைந்தது.

குளக்கரை முழுவதும் எழுந்து நின்றது.

"இதோ, அரசே" என்றான் சடையாண்டி. "தங்களுக்கு மிச்சமான நேரம். தங்களிடமிருந்து எடுத்து, இவர்கள் தலையில் வைத்திருக்கிறார் திருவேகம்பர். ஒரு நாழிகைகூடக் குறையவில்லை. எத்தனை மாதம் தாங்கள் சீக்கிரம் சபைக்கு வந்தீர்களோ, அத்தனை மாதமும் இங்கே உட்கார்ந்திருக்கிறது."

ஒரு கிழவர் தன் குச்சியைப் பார்த்துவிட்டு, அதில் இலை இல்லாததற்கு வெட்கப்பட்டதுபோல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அரசர் குளக்கரைப் படியில் உட்கார்ந்தார். "ஒவ்வொருவராக வாருங்கள்."

திருவேகம்பர் முன்னால் வந்தார். "பிரபு, இத்தனை பேரையும் கேட்டு முடிக்க இருட்டிவிடும். அடியேனிடம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. இருவர் இருவராகக் கேட்கலாம். இந்தக் காதுக்கு ஒருவர், அந்தக் காதுக்கு ஒருவர்."

"ஐயோ, வேண்டாம் ஐயா" என்றான் சடையாண்டி. "இந்தக் காதில் வாங்கியதை அந்தக் காதில் விடுவதுதான் அரண்மனை வழக்கம். இரண்டிலும் ஆள் நின்றால் எதை எந்தப் பக்கம் விடுவது? அரசர் வெடித்துவிடுவார்."

அரசரின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தார்கள். பிறகு சத்தம் வந்தது. அரசர் சிரித்தார். நெடுநாள் திறக்காத கதவுபோல அந்தச் சிரிப்பு கிறீச்சிட்டது. கரையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அரசர் கண்ணைத் துடைத்தார், துடைத்தும் நிற்கவில்லை.

அவர் தன் கழுத்து மாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். "உனக்கு வேறு என்ன வேண்டும்?"

"அதோ அந்தப் பெண்ணை முதலில் கேளுங்கள், அரசே. தம்பி சிறையில் இருக்கிறான்."

அரசர் கேட்டார். அங்கேயே விடுதலை சொன்னார். காத்தாயி ஓடினாள்.

அன்று இருட்டியபின்தான் அரசர் எழுந்தார்.

காத்தாயியின் தம்பி அதற்கு முந்தின வாரமே சிறையில் இறந்திருந்தான். அவள் தன் ஊருக்குத் திரும்பிப் போனாள், பிறகு வரவில்லை. மகிழ்மாறன் சாகும்வரை குளக்கரை வழியாகவே சபைக்குப் போனார்; மறுமணம் செய்துகொள்ளவில்லை. திருவேகம்பர் பதவி இழந்து, முல்லைப் பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் வைக்கப்பட்டார். அதை ஒழுங்காகச் செய்தார். செங்கமலத்தின் கால் குணமாகவில்லை. சடையாண்டி அவளோடு அந்த ஊரிலேயே இருந்தான், அரசருக்கு முன்பே இறந்தான்.