ஏழு தட்டுப் பெட்டி

முன்னொரு காலத்திலே, வெயில் என்றால் என்னவென்றே மறந்துபோன மழைநாடு ஒன்று இருந்தது. அங்கே விறகுவெட்டி இருளப்பன், மந்திரவாதி கனலன் வீட்டுக்கு விறகு கொண்டுபோனான். போனவன் திரும்பவேயில்லை.

அவன் மனைவி தேவானை தேடிப் போனாள். கனலன் வீட்டில் ஒரு செம்புப் பெட்டி. அதில் ஏழு தட்டு. அடியில், மந்திரத்தால் அடைபட்ட ஒரு சூடான காற்று. ஏழாவது தட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வத்தல், மீசையோடு! அது தன் புருஷன்தான் என்று தேவானைக்குத் தெரிந்துவிட்டது.

“அடப்பாவி! என் புருஷனை என்ன பண்ணினே?”

“கேக்காம பெட்டியைத் திறந்தான். உள்ளே தள்ளிட்டேன்” என்றான் கனலன். “தயிர்ச்சோத்துக்கு வத்தல் இல்லாம என் நாக்கு செத்துப்போச்சு. நான் போடறதெல்லாம் பூசணம் பிடிக்குது. மூணு நாள், மூணு வத்தல் போட்டுக் கொடு. அவனை எடுத்துட்டுப் போ. ஒண்ணு கெட்டாலும் நீயும் தட்டுல ஏறணும்!”

முதல் நாள் பாகற்காய். மெல்லிசாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினாள். “காற்றே காற்றே, மெல்ல ஊது” என்றாள். சாயங்காலம் வரை பொறுமையாகக் காத்திருந்தாள். மொறுமொறுவென்று வந்தது.

இரண்டாம் நாள் மாங்காய். “காற்றே காற்றே, மெல்ல ஊது.” அதுவும் அருமை.

மூன்றாம் நாள் வாழைப்பழம். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம், கனலனுக்குப் பொறுக்கவில்லை. “காற்றே காற்றே, கொதித்து ஊது!” என்று கத்தினான். ஒரே நாழிகையில் துண்டுகள் கல்லாகிவிட்டன.

தேவானை வந்து ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள். “மேலதான் காஞ்சிருக்கு. உள்ளே அப்படியே ஈரம்.”

“யார் கெடுத்தா என்ன? கெட்டது கெட்டதுதான். ஏறு தட்டுல!”

அவள் மீசை வத்தலைப் பார்த்தாள். “இவரையும் இப்படித்தான் அவசரமா உலர்த்தினியா?”

“ஒரே நாழிகை!” என்று பெருமையடித்தான் அந்த அசடு.

தேவானை சிரித்தாள். “அப்படின்னா இவரும் உள்ளே காயலை!” சட்டென்று கணவனை எடுத்துத் தண்ணீர்க்குடத்தில் போட்டாள். முதலில் கால்விரல் உப்பியது. பிறகு தொப்பை. பிறகு மீசை முறுக்கிக்கொண்டது. குடம் உடைந்து, இருளப்பன் முழுசாக நின்றான்.

“பசிக்குதுடி” என்றான். தேவானை அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இருளப்பன் மீண்டதுமே கனலனின் மந்திரம் அறுந்து, அடைபட்ட காற்று பெட்டியிலிருந்து வெளியே வந்தது. “மெல்ல ஊதச் சொன்னவள் நீ ஒருத்திதான். இனி உன்கூடத்தான் இருப்பேன்” என்றது. மந்திரம் போன கனலன் அந்த நாட்டுக்கே பாகற்காய் நறுக்கினான். மழைநாட்டில் வீட்டுக்கு வீடு வத்தல் ஜாடி நிறைந்தது.

இருளப்பனின் இடது காது மட்டும் சுருங்கியே இருந்தது. மழை பெய்தால் நிமிரும். மழைநாடாயிற்றே, அதனால் யாருமே கவனிக்கவில்லை, தேவானையைத் தவிர.