தொப்பிக்குள் ஆறு ஊக்கு

தணிகாசலத்துக்கு ஐம்பத்தொரு வயது. திருவான்மியூரில் பல் செட் செய்யும் தொழில். ஆறு வருஷமாக தில்ஷாத்திடம் ஓட்டம் கற்றுக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பத்துமூன்றுதான். அவள் அவரை ‘சார்’ என்பாள். அவர் அவளை ‘கோச்’ என்பார்.

இன்னாசி அவளிடம் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. தூத்துக்குடிக்காரர், ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை. இரண்டாவது வாரமே தணிகாசலத்தைத் தாண்டிப் போனார். தாண்டும்போது, “வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வேறு போனார்.

அன்றிலிருந்து தணிகாசலம் காலையில் கண் விழித்ததும் போனில் முதலில் பார்ப்பது, இன்னாசி நேற்று எவ்வளவு ஓடினார் என்பதைத்தான்.

ஒருநாள் கேட்டே விட்டார்.

“கோச், எனக்குச் சொல்லாத எதை அவருக்குச் சொன்னீங்க?”

“கையை லேசா விட்டு வீசச் சொன்னேன்.”

“அதை என்கிட்டயும் சொன்னீங்களே.”

“ஆமா” என்றாள் தில்ஷாத்.

கேப் டவுன் மாரத்தானுக்கு மூவரும் போனார்கள். ஓட்டத்துக்கு முந்தின நாள் தணிகாசலம் எடையைக் குறைக்கும் வேலையில் இறங்கினார். மோதிரத்தைக் கழற்றினார். கால்சட்டையின் உள்பட்டியில் இருந்த துணி லேபிளைக் கத்தரித்தார். கடைசியில் வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

“அது எத்தனை கிராம் சார்?” என்றாள் தில்ஷாத்.

“இருபத்திரண்டு.”

“அண்ணாச்சி, மீசையை விட்டுட்டியளே” என்றார் இன்னாசி.

தில்ஷாத் சிரித்தாள். அவள் சிரித்தது தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை.

தொப்பியின் உள்பட்டியில் ஆறு ஊக்கு குத்தி வைத்திருந்தார். முன்னொரு ஓட்டத்தில் நெஞ்சில் குத்தியிருந்த எண் தாள் பாதியில் பிய்ந்து போன அனுபவம். அந்த எடையை மட்டும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

காலையில் கடல்காற்று பலமாக இருந்தது. புறப்பட ஐந்து நிமிஷம். அடைப்புக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். இன்னாசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவருடைய எண் தாளின் மேல்முனைகளில் மட்டும்தான் ஊக்கு இருந்தது. கீழே இரண்டும் இல்லை. தாள் காற்றில் எழும்பி முகத்தில் அடித்தது.

“எங்கேயோ விழுந்துட்டு அண்ணாச்சி. உங்ககிட்ட மிச்சம் ஏதும் கெடக்கா?”

எண் தாளின் பின்புறத்தில்தான் நேரம் பதியும் சில்லு ஒட்டியிருக்கும். தாள் பறந்துவிட்டால் ஓடியதற்கே சாட்சி கிடையாது.

“இல்லையேப்பா” என்றார் தணிகாசலம்.

சொன்ன பிறகு தொப்பியை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார்.

இன்னாசி இடது கையால் தாளை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். தணிகாசலம் இருபதடி பின்னால் ஓடினார். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் மேஜை மாதிரி தட்டையான மலை. அதன்மேல் மேகம் விரிப்புப்போல் வழிந்துகொண்டிருந்தது. ஓடுகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். தணிகாசலம் பார்த்தது ஒன்றைத்தான். மடங்கிய ஒரு முழங்கை. அது வீசவில்லை.

இருபதாவது கிலோமீட்டரில் வீசவில்லை. முப்பதாவதிலும் வீசவில்லை.

முப்பத்தாறில் இன்னாசியின் நடை ஒரு பக்கமாகக் கோணியது. தணிகாசலம் அவரைத் தாண்டினார். ‘வாரேன்’ என்று சொல்லப் பத்து மாதமாகக் காத்திருந்தவர். வாய் வரவில்லை.

மூன்று நிமிஷம் முன்னால் எல்லைக்கோட்டைத் தொட்டார். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். புல்வெளியில் தில்ஷாத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பினாள்.

இன்னாசி வந்து சேர்ந்து புல்லில் சரிந்தார். இடது கை மடங்கியபடியே இறுகிப் போயிருந்தது. நீட்ட முடியவில்லை.

“நாலு மணி நேரம் ஐஸ் பெட்டி தூக்குனாப்ல இருக்கு கோச்.”

தில்ஷாத் துப்பட்டாவை எடுத்து அவர் கையைத் தூளிபோல் தாங்கிக் கட்டத் தொடங்கினாள். வழவழத்த துணி. முடிச்சு நழுவியது.

தணிகாசலத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“கோச், நான் முன்னாடி வந்திருக்கேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே.”

அவள் முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மறுகையை நீட்டினாள்.

“ஒரு ஊக்கு இருக்கா சார்?”

கடற்காகம் ஒன்று தத்தித் தத்திப் பக்கத்தில் வந்தது. யாரிடமும் தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்து விலகிப் போனது. தில்ஷாத் நீட்டிய கையை மடக்கவில்லை.

தணிகாசலம் தொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். உள்பட்டியில் ஊக்குகள் வரிசையாக இருந்தன. வேர்வையின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

இன்னாசி எட்டிப் பார்த்தார்.

“ஆறா அண்ணாச்சி” என்றார். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தில்ஷாத் ஒன்றை எடுத்து முடிச்சில் குத்தினாள். துணி நின்றது. தொப்பியைத் தணிகாசலத்திடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லா ஓடினீங்க சார்” என்றாள். “இத்தனையையும் சுமந்துக்கிட்டு மூணு நிமிஷம் முன்னாடி வந்திருக்கீங்க.”