விரல் காட்டிய பலகை

“இனிமே நிரல் எழுதப் போறதில்ல டீச்சர். இருபது வருசம் போதும்” என்றார் இசக்கிமுத்து.

அவர் டீச்சர் என்று அழைத்த பிலோமினாவுக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. வித்தைக்கு முன்னால் வயது பார்க்கிற ஆளில்லை அவர்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“ரத்த வங்கிக்கு ட்ரிக்கர் எழுதினேன். தரவுத்தளத்துல ஒரு ரத்தப் பை பதிவானதும் தானா ஓடும். பி பாசிட்டிவ் பையில ஓ நெகட்டிவ்னு லேபிள் அடிச்சிட்டுது. நர்ஸ் கண்ணுல பட்டதால ஒரு உயிர் தப்பிச்சுது.”

“பதிவை நகல் எடுத்தீங்களா?”

“நேரமாகும்னு எடுக்கல. நினைவகத்துல அது இருக்கிற இடத்தை மட்டும் குறிச்சு வச்சேன். பத்துப் பை சேந்ததும் மொத்தமா லேபிள்.”

பிலோமினா எழுந்து வெள்ளைப் பலகையில் ‘பி பாசிட்டிவ்’ என்று எழுதினார்.

“அதை விரல் நீட்டிக் காட்டுங்க.”

காட்டினார்.

பிலோமினா அதை அழித்துவிட்டு, அதே இடத்தில் ‘ஓ நெகட்டிவ்’ என்று எழுதினார்.

இசக்கிமுத்துவின் விரல் அசையவில்லை. அது காட்டிய எழுத்து மட்டும் மாறியிருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது: ட்ரிக்கர் முடிந்த கையோடு தரவுத்தளம் அவர் குறித்துவைத்த இடத்தைத் துடைத்து அடுத்த பதிவுக்குக் கொடுத்திருக்கிறது.

“இனி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு எழுதுதேன்” என்றார்.

“காய்ச்சல் வந்த அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?”



நான்கு நாள் கழித்து, ட்ரிக்கர் எழுதுவதற்கென்றே தான் செய்த புதிய நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, பிலோமினா அவரிடம் கொடுத்தார். “அதே தப்பை இதுல பண்ணிக் காட்டுங்க.”

இசக்கிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதிவின் இடத்தைப் பட்டியலில் ஒளித்தார். நிரல் ஓடுமுன் அதைச் சோதிக்கும் கம்பைலர் மறுத்தது. நிரலின் வேறொரு பகுதிக்குள் கடத்தினார். ‘ட்ரிக்கர் முடிந்தபின் இந்தப் பதிவு இராது’ என்று சொல்லி மறுத்தது. ஒன்பது விதமாக மல்லுக்கட்டினார். ஒன்றுகூட ஓடும் நிலைக்கே போகவில்லை. நகல் எடுத்தார், மறுபேச்சின்றி ஓடியது.

அசந்துபோனார். இப்படி ஒரு வேலையை அவர் பார்த்ததே இல்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

“நான் எங்கெல்லாம் தப்புப் பண்ணுவேன்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுது டீச்சர்?”

“ஒம்பதுலயும் நான் விழுந்திருக்கேன் அண்ணாச்சி. பத்தாவது ஒண்ணு இருக்கும். உக்காருங்க, தேடுவோம்.”