இருபதில் பத்தொன்பது

“எல்லா பாட்டிலும் பூஜ்யம், மேடம். ஆனா நம்ப முடியல,” என்றார் தணிகாசலம்.

அவர் பள்ளிக்கூடத்து வேதியியல் வாத்தியார். நாற்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தார். அவருடைய வழிகாட்டி நிலோபர், அவரைவிட வயதில் சின்னவர்.

பாட்டில்களில் இருந்தது தணிகாசலத்தின் மகள் படிக்கும் பள்ளியின் குழாய்த் தண்ணீர். பழைய குழாய். காரீயம் கலந்திருக்குமோ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மகளுக்குத் தினமும் வீட்டிலிருந்தே பெரிய பாட்டிலில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

“வெளியே போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க, சார்,” என்றார் நிலோபர்.

திரும்பி வந்தபோது பாட்டில்கள் அதே இடத்தில் இருந்தன.

“இதுல ஒண்ணுல நான் காரீயம் போட்டிருக்கேன். எதுலன்னு நாளைக்குச் சொல்லுங்க.”

மறுநாள் சோதனை மெஷின் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் பூஜ்யம்.

நிலோபரிடம் போய்ச் சொன்னார்.

“அப்போ ஸ்கூல் தண்ணியில இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காது. தண்ணி பிடிச்சப்போ பாட்டில்ல என்ன சேர்த்தீங்க?”

“ஒண்ணுமே சேர்க்கல, மேடம். குழாய்ல வந்தது வந்தபடியே.” குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“ஆசிட்?”

“அதை ஊத்தினா அப்புறம் அது அந்தத் தண்ணியே இல்லையேன்னு…”

இதையே அவர் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

நிலோபர் எல்லா பாட்டில்களிலும் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூடினார்.

“காரீயம் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும், சார். இறங்கி வரட்டும்.”

அன்று தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. சுவரிலிருந்து இன்னும் என்னவெல்லாம் இறங்கி வருமோ.

அடுத்த நாள் சாயங்காலம் ஓடி வந்தார்.

“நாலாவது பாட்டில், மேடம். பத்தொன்பது.”

“நான் போட்டது இருபது.”

“அந்த ஒண்ணு?”

“சோதனையில அவ்வளவு எல்லாருக்கும் குறையறதுதான். மத்த பாட்டில்?”

“பூஜ்யம்.” சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. “பூஜ்யம், மேடம்.”

கண் கலங்கியது. அவர் மறைக்கவில்லை. அப்படியொரு நிம்மதி.

அங்கேயே நின்றபடி மகளுக்குப் போன் போட்டார்.

“மதி, நாளையிலேர்ந்து வீட்டுத் தண்ணி வேணாம்மா. ஸ்கூல் குழாய்லயே குடிச்சுக்கோ.”

“அதைத்தானேப்பா குடிக்கிறேன். பாட்டில் ரொம்ப கனம். தண்ணியைத் தெருமுனை வேப்பமரத்துக்கு ஊத்திட்டுதான் தினமும் போவேன்.”

தணிகாசலம் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் சொன்னதை நிலோபரிடம் சொன்னார்.

“அவ குடிக்கிறான்னு எப்படி நம்பினீங்க, சார்?”

“தினமும் காலி பாட்டில்தான் வீட்டுக்கு வந்துச்சு, மேடம்.”